ஏட்டய்யாவின் நாற்காலி

எங்கள் அவசரச் சிகிச்சைப் பிரிவின் வாசலில் அந்த பிளாஸ்டிக் நாற்காலி கிடந்த வரைக்கும், இந்த ஊரில் யாரையும் யாரும் கத்தியால் குத்தவில்லை. எல்லோரும் கண்ணாடி மேல் விழுந்தார்கள். ஜன்னல் கண்ணாடி, மீன் தொட்டிக் கண்ணாடி, பைக் கண்ணாடி. ஒருவன் முதுகில் மூன்று கீறல்களோடு வந்து, "மூக்குக் கண்ணாடி மேல படுத்துட்டேன் சிஸ்டர்" என்றான். "மூணு மூக்குக் கண்ணாடியா?" என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்தான். "ஆமா, குடும்பத்தோடது" என்றான். எனக்குச் சிரிப்பதா அறைவதா என்று தெரியவில்லை. தையல் போட்டு அனுப்பினேன்.

நாற்காலி ஏட்டய்யாவுடையது. அவர் கெட்டவர் இல்லை. மூட்டு வலிக்கு என்னிடம்தான் மாத்திரை கேட்பார். தொண்டையைச் செருமினால் மார்க்கெட் முழுக்கக் கேட்கும். அங்கே ரோந்து போன காலத்தில் அந்தச் செருமலைக் கேட்டே ஜேப்படிக்காரர்கள் ஓடுவார்களாம். அவரை எங்கள் வாசலில் உட்கார வைத்த கதையைச் சொல்கிறேன்.

பக்கத்து நாட்டில் ஒரு முறை இருக்கிறது. அடிபட்டோ குத்துப்பட்டோ யார் ஆஸ்பத்திரிக்கு வந்தாலும் நர்ஸ் நாலு கேள்வி கேட்பாள். எங்கே நடந்தது, எப்போது நடந்தது, எதனால் காயம், எத்தனை பேர் இருந்தார்கள். அவ்வளவுதான். அந்தப் பதில்கள் மட்டும், ஆளின் பெயர் இல்லாமல், போலீசுக்கும் நகராட்சிக்கும் போகும். ஒரே சந்தில் திரும்பத் திரும்பக் குத்து விழுகிறது என்றால் அந்தச் சந்துக்கு விளக்கு வரும், ரோந்து வரும், முனையில் இருக்கும் மதுக்கடையை நேரத்தோடு மூடச் சொல்வார்கள். எங்கள் அரசாங்கம் ஆள் அனுப்பி அதைப் பார்த்தது. போனவர்கள் நாலு கேள்வியையும் பத்திரமாகக் கொண்டுவந்தார்கள். கூடவே தங்கள் மூளையிலிருந்து ஐந்தாவதாக ஒன்றைச் சேர்த்தார்கள்: யார்? நீ யார், உன்னைக் குத்தியவன் யார், நீ யாரைக் குத்தினாய்? அதைக் கேட்க ஒரு போலீஸ், போலீஸ் உட்கார ஒரு நாற்காலி. பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காய் முடிந்தது என்பார்களே, அதுதான்.

ஆணைப்படி, உயிருக்கு ஆபத்தில்லாத காயம் என்றால் முதலில் வாக்குமூலம், பிறகுதான் வைத்தியம். ஆபத்தா இல்லையா என்று வாசலிலேயே பார்த்துச் சொல்வது ஏட்டய்யா. விசாரணை முடியும் வரை குத்தியவனுக்கும் குத்துப்பட்டவனுக்கும் ஒரே வழக்கு. பிறகு ஏன் ஜனங்கள் கண்ணாடி மேல் விழ மாட்டார்கள்? அப்படி விழவும் தைரியம் இல்லாதவர்கள் வராமலே இருந்துவிட்டார்கள்.

ஒரு நாள் காலை இரண்டாவது மாடிக் கூட்ட அறையில் உள்துறைச் செயலாளர் வந்து உட்கார்ந்திருந்தார். எங்கள் ஆஸ்பத்திரியில் சோதித்துப் பார்த்த அந்த ஆணையை நாடு முழுக்க நீட்டிப்பதாக அன்று அறிவிக்கப் போகிறார். பக்கத்து நாட்டில் அந்த நாலு கேள்வி முறையைத் தொடங்கிய டாக்டரம்மாவை விருந்தாளியாக அழைத்திருந்தார்கள். நரைத்த தலை, சுருட்டிவிட்ட சட்டைக் கை, பேச்சைக் கேட்டுக்கொண்டே பேனா மூடியைக் கடிக்கும் பழக்கம். பிரிவின் பொறுப்பு நர்ஸ் என்ற முறையில் நான் எழுந்து நின்று அரைப் பக்கம் வாசிக்க வேண்டும். வாசிப்பதை அவர்களே எழுதிக் கொடுத்துவிட்டார்கள். 'இந்த ஆணையால் எங்கள் பணிச்சுமை பாதியாகக் குறைந்துள்ளது' என்று ஆரம்பிக்கும்.

எங்கள் பெரிய டாக்டர், ஆஸ்பத்திரிக்குத் தலைவரும் அவர்தான், அறுவை மேசைக்குத் தலைவரும் அவர்தான், படிக்கட்டிலேயே என்னை நிறுத்தினார். எனக்குப் பிரிவில் பட்டாசு என்று பெயர். அந்தப் பெயரை வைத்தவரே அவர்தான்.

"பட்டாசு, இன்னைக்கு ஒரு நாள் நமுத்துப் போயிரும்மா. உனக்குப் புண்ணியமாப் போகும்."

"நான் என்ன சார் பண்ணேன்?"

"இன்னும் பண்ணல. அதான் சொல்றேன்."

கூட்டம் ஆரம்பித்ததிலிருந்து என் இடுப்பில் போன் அதிர்ந்துகொண்டே இருந்தது. அம்மா. அவள் ஒரு தடவை அடித்து எடுக்காவிட்டால் விட்டுவிடுகிற ரகம். திரும்பத் திரும்ப அடிக்கிறாள் என்றால் ஏதோ இருக்கிறது. குனிந்தபடியே வெளியே வந்து, தாழ்வாரத்து ஜன்னல் பக்கம் நின்று எடுத்தேன்.

"என்னம்மா?"

"ஒண்ணுமில்லடி."

"ஒண்ணுமில்லாததுக்கா இத்தன தடவ அடிச்ச?"

"ரயிலுக்கு நேத்து சாயங்காலம் கொஞ்சம் காயம். உன்கிட்ட சொல்லக் கூடாதுன்னு என் தலையில அடிச்சு சத்தியம் வாங்கியிருக்கான்."

ரயில் என் தம்பி. நடக்கப் பழகும் முன்பே தரையில் டப்பாக்களை வரிசையாக இழுத்துக் கூவியதால் வீட்டில் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. இப்போது நிஜமாகவே ரயில் ஓட்டுநர் பயிற்சிக்குத் தேர்வாகியிருந்தான். போலீஸ் நிலையத்திலிருந்து நன்னடத்தைச் சான்றிதழ் ஒன்றுதான் பாக்கி.

"என்ன காயம்? எங்க?"

"பஸ் ஸ்டாப்புல ரெண்டு பேரு குடிச்சிட்டு அடிச்சுக்கிட்டாங்களாம். இவன் விலக்கப் போனானாம். ஊர்ச் சண்டைக்கு இவனுக்கு என்ன வந்துச்சு, நீயே சொல்லு. இடது விலாவுக்குக் கீழ ஒருத்தன் குத்திட்டான். சின்ன வாய்தான்டி, அம்மா பார்த்துட்டேன். ரத்தம்கூட அப்பவே நின்னு போச்சு."

ரத்தம் நின்றுவிட்டது என்று வீட்டில் இருப்பவர்கள் சந்தோஷப்படுவார்கள். எங்களுக்கு அந்த வார்த்தைதான் பயம். வெளியே வராத ரத்தம் எங்கே போகிறது என்று பார்க்க வேண்டும்.

"இப்ப எப்படி இருக்கான்?"

"வேர்த்துக் கொட்டுது. முகமெல்லாம் வெளுத்துப் போச்சு. ஆனா குத்துன இடம் வலிக்கலையாம். தோள்தான் வலிக்குதாம். ராத்திரி கோணலாப் படுத்திருப்பான்னு தைலம் தேய்ச்சுவிட்டேன்."

"எந்தத் தோளு?"

"இடது."

ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். இடது விலாவுக்குக் கீழே மண்ணீரல் இருக்கிறது. அது கிழிந்து உள்ளே கசிந்தால், சேர்கிற ரத்தம் மேலே போய் முட்டி, வலியை இடது தோளில் காட்டும். நர்ஸ் படிப்பில் முதல் வருடமே சொல்லிக் கொடுப்பார்கள். அதைச் சொல்லிக் கொடுத்த டீச்சர், "தோள் வலின்னு வந்தவன வீட்டுக்கு அனுப்பிட்டு அப்புறம் அழாதீங்கடி" என்பார். என் தம்பி நேற்றிலிருந்து உள்ளே ரத்தம் கசிந்து கிடக்கிறான், என் அம்மா தைலம் தேய்த்துக்கொண்டிருக்கிறாள்.

"அம்மா, அவனுக்குத் தண்ணிகூடக் குடுக்காத. மல்லாக்கப் படுக்க வை. வண்டி அனுப்பறேன்."

"வர மாட்டேங்கறான்டி. காலையிலேர்ந்து கெஞ்சறேன்."

"போன அவன்கிட்ட குடு."

கொஞ்சம் சலசலப்பு. பிறகு அவன் குரல். பாதி மூச்சாக இருந்தது.

"அக்கா, சாயங்காலம் வரும்போது தையல் சாமானெல்லாம் எடுத்துட்டு வா. நீயே போட்டுடு."

"டேய், இது தையல்ல முடியற விஷயம் இல்லடா. வயித்தத் திறக்கணும். இப்பவே திறக்கணும்."

"அங்க வந்தா போலீஸ் பேப்பர்ல என் பேரு ஏறும். அப்புறம் சர்டிபிகேட் எங்க வரும்? ரயில் போச்சு."

"உயிரு போனா ரயில யாருடா ஓட்டுவா? உங்கப்பனா?"

"கண்ணாடின்னு சொல்லிடவா?"

அதற்கும் வழியில்லை. கண்ணாடிக் கதை மேலே போய், ஏட்டய்யாவுக்கு டோஸ் விழுந்திருந்தது. அந்த வாரத்திலிருந்து யார் கண்ணாடி என்றாலும், "கண்ணாடிய எடுத்துட்டு வந்து காட்டு" என்று நிறுத்திவைத்தார். அதோடு, வெளியே பார்த்தால் கொசுக்கடி போல இருக்கும் காயம். அதை அவர் ஆபத்து என்று எடுத்துக்கொள்ளவே மாட்டார். பெஞ்சில் உட்காரவைத்து நிதானமாக ஊர், பேர் கேட்டுக்கொண்டிருப்பார். இவன் உட்கார்ந்தபடியே போய்விடுவான்.

"நான் வாசல்ல நிக்கறேன்டா. நான் பார்த்துக்கறேன்."

"நீ நர்ஸு. நீ என்ன பார்த்துப்ப? போலீஸ் இருக்கற வரைக்கும் நான் வரல." போனை வைத்துவிட்டான். வைப்பதற்கு முன் கதவு சாத்தும் சத்தமும், தாழ்ப்பாள் விழும் சத்தமும், வெளியிலிருந்து அம்மா கதவைத் தட்டும் சத்தமும் கேட்டன. போனோடு உள்ளே போய்த் தாழ் போட்டுக்கொண்டான் சண்டாளன்.

அப்போதுதான் எனக்கு ஒன்று தெளிவானது. வண்டி அனுப்பிப் பயனில்லை. கதவை உடைக்க ஆள் தேடிப் போனால் நேரம் போய்விடும். கதவை அவனேதான் திறக்க வேண்டும். அதற்கு இந்த நாற்காலி போக வேண்டும். நாற்காலியை எடுக்கச் சொல்லும் வாய், சுவருக்கு அந்தப் பக்கம் மைக்கில் பேசிக்கொண்டிருந்தது.

உள்ளே போனேன். திரையில் இரண்டு தூண்கள். பக்கத்து நாட்டின் தூண் நெட்டையாக, எங்களுடையது அதன் இடுப்பு உயரத்துக்கு. செயலாளர் ஒல்லியானவர், கத்திப் பேசாதவர், புள்ளிவிவரத்தைக் குழந்தைக்குக் கதை சொல்வது போலச் சொல்வார்.

"சராசரியா ஒரு ஆஸ்பத்திரிக்கு வந்த கத்திக்குத்துக் காயங்களோட எண்ணிக்கை இது. இந்த முறையை நமக்குச் சொல்லிக் குடுத்த நாட்டைவிட நாம இப்ப கீழ இருக்கோம். அவங்களுக்குப் பல வருஷம் ஆச்சு. நமக்குச் சில மாசம்தான். காரணம், அவங்க கேக்கத் தயங்கின கேள்வியை நாம கேட்டோம்."

கை தட்டினார்கள். டாக்டரம்மா தட்டவில்லை. பேனா மூடியைக் கடித்துக்கொண்டு அந்தத் தூண்களையே பார்த்தார்.

என் பெயரைக் கூப்பிட்டார்கள். எழுந்தேன். அரைப் பக்கத்தை மடித்து மேசை மேல் வைத்தேன். பெரிய டாக்டர் கண்ணை மூடிக்கொண்டார்.

"ஐயா, எங்க வேலை குறையல. ஆளுங்க வர்றது நின்னு போச்சு. வர்றவங்களும் கண்ணாடி குத்திடுச்சுன்னு சொல்றாங்க. சொல்றத நாங்களும் எழுதிக்கறோம். பூனை கண்ண மூடிக்கிட்டா உலகமே இருட்டாயிடுச்சுன்னு நெனைக்குமாம். அந்தத் தூண் அப்படித்தான் குள்ளமாச்சு."

செயலாளர் கோபப்படவில்லை. "நீங்களே பொய்யா பதிவு செஞ்சோம்னு சொல்றீங்க" என்றார்.

"ஆமா ஐயா. அதுக்கு என்ன தண்டனையோ அப்புறம் குடுங்க. இப்ப எனக்கு ஒரு விஷயம் ஆகணும். என் தம்பி விலாவுல குத்து வாங்கிட்டு வீட்டுல கிடக்கான். மண்ணீரல் கிழிஞ்சிருக்கு, உள்ள ரத்தம் போயிட்டிருக்கு. வாசல்ல போலீஸ் இருக்கறவரைக்கும் வர மாட்டேன்னு உள்ள தாழ் போட்டுக்கிட்டான். அந்த நாற்காலிய எடுக்கச் சொல்லுங்க. இப்பவே."

அழுதுவிட்டேன். எனக்கே அசிங்கமாக இருந்தது. இத்தனை வருடத்தில் அந்த ஆஸ்பத்திரியில் நான் யார் முன்னாலும் அழுததில்லை.

செயலாளர் தண்ணீர் டம்ளரை என் பக்கம் நகர்த்தினார். பிறகு நிதானமாகச் சொன்னார்.

"சிஸ்டர், உங்க கஷ்டம் புரியுது. ஆனா நர்ஸோட தம்பிக்கு ஒரு சட்டம், மத்தவனுக்கு ஒரு சட்டமா? இன்னொண்ணும் யோசிங்க. உங்க தம்பியக் குத்தினவன் வெளிய சுத்திட்டிருக்கான். பேரே கேக்காம விட்டா நாளைக்கு அவன் இன்னொருத்தனக் குத்துவான். செத்தவனோட அம்மா என் ஆபீஸ் வாசல்ல வந்து உக்காருவா. அவளுக்கு நான் என்ன சொல்ல?"

எனக்குச் சுரீர் என்று கோபம் வந்தது. ஆனால் அவர் சொன்னதில் நியாயமே இல்லை என்றும் சொல்ல முடியவில்லை. அப்போது டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். எங்கள் பேச்சுதான் அவர்களுடையதும், கொஞ்சம் இழுத்துப் பேசுவார்கள்.

"நானும் ஒரு வருஷம் வாசல்ல போலீஸ் போட்டவதான்" என்றார். "அத யாரும் என்கிட்ட கேக்கல, நானும் பெருமையா சொல்லிக்கல. எங்களுக்கும் இதே மாதிரி தூண் இறங்குச்சு. இதே மாதிரி கை தட்டினாங்க. அப்புறம் பொணவறைக்காரர் வந்து, இடம் பத்தல டாக்டர்னு சொன்னார். குத்துப்பட்டவன் வீட்டுல கிடந்து செத்துட்டு, பொணமா வந்தான். போலீச எடுத்தோம். காயம் எண்ணிக்கை ஏறுச்சு. ஏறத்தானே செய்யும், எல்லாரும் வந்தாங்க. சாவு இறங்குச்சு. உங்க நாட்டையும் எங்க நாட்டையும் பக்கத்துல வச்சுப் பார்க்கணும்னா காயத்த வச்சுப் பார்க்காதீங்க ஐயா. பொணத்த எண்ணுங்க."

செயலாளர் பெரிய டாக்டர் பக்கம் திரும்பினார். "இங்க எப்படி?"

பெரிய டாக்டர் என்னைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார். "சாவு ஏறியிருக்கு சார்" என்றார். "கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்."

அந்தக் 'கேட்டிருந்தா'வுக்காக அவரை எனக்கு ஓங்கி ஒன்று விடத் தோன்றியது. மனுஷன் வாயில் கொழுக்கட்டையா இருந்தது இத்தனை நாளும்? ஆனால் அதற்கெல்லாம் நேரமில்லை. போனை எடுத்துத் தம்பியை அழைத்து, ஸ்பீக்கரில் போட்டு மேசை நடுவில் வைத்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. கடைசி மணியில் எடுத்தான். மூச்சுச் சத்தம் மட்டும் வந்தது.

"ரயிலு, அக்காடா. செயலாளர் பேசறாங்க. கேளு."

செயலாளர் மைக்கை ஒதுக்கிவைத்தார். அவருக்கு என்னென்ன ஓடியதோ. பிறகு குனிந்து, "தம்பி, நான் உள்துறைச் செயலாளர் பேசறேன். வாசல்ல போலீஸ் இருக்காது. யாரும் உன் பேரக் கேக்க மாட்டாங்க. வா" என்றார்.

"யாரு வேணா அப்படிச் சொல்லலாம்" என்றான் என் தம்பி. சாகப் போகும்போதும் அந்த வாய் அடங்கவில்லை. என் தம்பிதானே.

"டேய், சத்தியமாடா..."

"அக்கா... என்னைக் கூட்டிட்டு வர நீ எதையும் சொல்லுவ. ஏட்டய்யா சொல்லட்டும். அவரு குரல் எனக்குத் தெரியும்."

போனைப் பிடுங்கிக்கொண்டு ஓடினேன். லிஃப்டுக்கு நிற்கவில்லை. பின்னாலேயே செயலாளரும் இறங்கி வந்தார், பெரிய டாக்டரும் வந்தார், படிக்கட்டில் செருப்புச் சத்தம் தடதடத்தது. வாசலில் முட்டியை நீவிக்கொண்டு உட்கார்ந்திருந்த ஏட்டய்யா, செயலாளரைப் பார்த்ததும் அலறியடித்துக்கொண்டு எழுந்து சல்யூட் அடித்தார்.

"நாற்காலிய எடுத்துட்டு ரோட்டுக்கு அந்தப் பக்கம் போங்க. நான் சொல்றவரைக்கும் இந்தப் பக்கம் வராதீங்க" என்றார் செயலாளர். "போறதுக்கு முன்னால இந்தப் பையன்கிட்ட அதச் சொல்லுங்க."

ஏட்டய்யாவுக்கு ஒன்றும் புரியவில்லை. நான் போனை அவர் வாயருகே நீட்டினேன். "என் தம்பி. குத்துப்பட்டுக் கிடக்கான். உங்களுக்குப் பயந்துட்டு வர மாட்டேங்கறான்" என்றேன்.

அவர் முகம் சுருங்கியது. தொண்டையைச் செருமினார். அந்தச் செருமலுக்கு போனே அதிர்ந்தது. "தம்பி, நான்தான்ப்பா. நாற்காலியத் தூக்கிட்டேன். இதோ ரோட்டத் தாண்டறேன். பஸ்காரன் ஹாரன் அடிக்கறது கேக்குதா? எனக்கு மூட்டு வலி, திரும்பி ஓடிவந்தெல்லாம் பிடிக்க முடியாது. வந்து சேருப்பா."

நிஜமாகவே ஒரு கையில் நாற்காலியும் மறு கையில் என் போனுமாகச் சாலையைக் கடந்தார். நானும் அவரோடு கடந்தேன். பஸ்காரன் இரண்டு பேரையும் திட்டினான். எதிர்ப்பக்க நடைபாதையில் நாற்காலியைப் போட்டு அவர் உட்கார்ந்த பிறகு, போனில் தாழ்ப்பாள் இழுபடும் சத்தம் கேட்டது. தொடர்ந்து எதுவோ தொப்பென்று விழுந்தது. பிறகு அம்மாவின் அலறல்.

ஆம்புலன்ஸ் போய் அவனைக் கொண்டுவந்தபோது உதடு வெள்ளையாக இருந்தது. ஸ்ட்ரெச்சர் வாசலில் ஒரு நொடிகூட நிற்காமல் போனது. நான்தான் கூடவே ஓடி, குழாய் ஏற்ற நரம்பு தேடினேன். கிடைக்கவில்லை. பெரிய டாக்டர் ஊசியை வாங்கிக்கொண்டார். "நீ வெளிய போம்மா" என்றார். அறுவை அறைக் கதவு சாத்தியது.

செயலாளர் போகும் முன் என்னிடம் வந்தார். "இந்த ஆஸ்பத்திரியில மட்டும் நாற்காலி அந்தப் பக்கமே இருக்கட்டும். நீட்டிக்கறத இன்னைக்கு அறிவிக்கல. மத்தத அப்புறம் பார்ப்போம். கண்ணாடிக்கு நீங்க விளக்கம் குடுக்கணும்."

"குடுக்கறேன் ஐயா."

"சிஸ்டர், அந்தக் குத்தினவன்... அவன் இன்னொருத்தன் மேல கை வச்சா, அது இனிமே என் கணக்குல மட்டும் இல்ல. உங்க கணக்குலயும்தான்."

"சரி" என்றேன். அப்போது எதற்கும் சரி என்றிருப்பேன்.

மண்ணீரலை எடுத்துவிட்டார்கள். வயிறு நிறைய ரத்தம் என்றார் பெரிய டாக்டர். கண் விழிக்கட்டும், அதுவரைக்கும் எதுவும் சொல்ல முடியாது என்றார். மாடியில் தீவிரச் சிகிச்சை அறைக்கு வெளியே அம்மா உட்கார்ந்திருந்தாள். "தைலம் தேய்ச்சேனேடி, பாவி" என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் உட்கார என்னால் முடியவில்லை. கீழே இறங்கி வேலையைப் பார்க்கப் போனேன்.

சாயங்காலத்துக்குள் செய்தி ஊருக்குள் போய்விட்டது. வாசலில் நாற்காலி இல்லை என்று யார் யாருக்குச் சொன்னார்களோ, வந்தார்கள். பழைய காயம், சீழ் பிடித்த காயம், துணியைப் பிரித்தால் நாறும் காயம். ஒருவரும் கண்ணாடி என்று சொல்லவில்லை. நாலு கேள்வி கேட்டோம், ஐந்தாவது கேட்கவில்லை.

அவர்களில் ஒருவன் வலது கையைத் துண்டால் சுற்றிக்கொண்டு வந்தான். என் தம்பி வயதுதான் இருக்கும். துண்டைப் பிரித்தேன். நாலு விரல்களும் உள்பக்கத்தில் குறுக்கே ஒரே கோட்டில் கிழிந்திருந்தன. அதைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. இது குத்துப்பட்டவன் கை இல்லை. பிடிக்கு முன்னால் தடுப்பு இல்லாத கத்தியால் ஓங்கிக் குத்தும்போது, முனை எலும்பில் இடித்து, கை வழுக்கி அலகின் மேல் ஏறும். குத்தியவனுக்கு வரும் காயம் இது. இதற்கு முன்னும் தைத்திருக்கிறேன், முகம் பார்க்காமல்.

"எங்க நடந்துச்சு?"

"மார்க்கெட் பஸ் ஸ்டாப்புல."

"எப்ப?"

"நேத்து சாயங்காலம்."

என் கையில் இருந்த பஞ்சு அப்படியே நின்றது.

"எதால?"

"பழம் வெட்டற கத்தி."

"எத்தன பேரு?"

"நானும் இன்னொருத்தனும். அப்புறம்... விலக்க வந்தவரு ஒருத்தரு."

ஜன்னல் வழியே சாலையின் அந்தப் பக்கம் தெரிந்தது. ஏட்டய்யா நாற்காலியில் முட்டியை நீவிக்கொண்டிருந்தார். நான் ஜன்னலைத் திறந்து ஒரு குரல் கொடுத்தால் போதும். மூட்டு வலியோடாவது வந்துவிடுவார். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. இவன் தலைமுடியைப் பிடித்து மாடிக்கு இழுத்துக்கொண்டு போய், கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் கிடப்பவனைப் பாரடா என்று காட்ட வேண்டும் போல இருந்தது. செயலாளர் சொன்னது காதில் கேட்டது. உங்கள் கணக்கிலும்தான்.

மரத்துப்போகும் ஊசியைக் கையில் எடுத்தேன், திரும்பத் தட்டில் வைத்தேன். மருந்தில்லாமல் விரல்களில் தைத்தால் வலி உயிர் போகும். தைக்கலாம், யாரும் கேட்க மாட்டார்கள். அவன் தலையைக் குனிந்தபடியே இருந்தான்.

"சிஸ்டர், அந்த விலக்க வந்தவரு... இங்க வந்தாரா? உயிரோட இருக்காரா?"

"இங்க யாரு பேரையும் கேக்கறதில்ல. யாரப் பத்தியும் சொல்றதில்ல" என்றேன். என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது. மரத்துப்போகும் ஊசியை எடுத்து அவனுக்குப் போட்டேன். விரல்கள் மரக்கும் வரை காத்திருந்தேன். ஒவ்வொரு விரலாகத் தைத்தேன், நெருக்கமாக, ஒழுங்காக, என் தம்பிக்குத் தைத்தால் எப்படித் தைப்பேனோ அப்படி. கட்டுப் போட்டு, மாத்திரை கொடுத்து, மூன்றாம் நாள் வரச் சொன்னேன்.

அவன் எழுந்தபோது அம்மா ஓட்டமும் நடையுமாக உள்ளே வந்தாள். கண்ணீர் கன்னத்தில் வழிந்துகொண்டிருந்தது, துடைக்கக்கூட இல்லை.

"கண்ணு முழிச்சுட்டான்டி! சர்டிபிகேட் எங்கன்னு கேக்கறான்டி தடியன்!" என்று என்னைக் கட்டிக்கொண்டாள். நானும் அவளை இறுக்கிக் கட்டிக்கொண்டேன். அவளுக்குச் சந்தோஷத்தை யாரிடமாவது சொல்லியாக வேண்டும். எதிரில் நின்றவனின் தோளைத் தொட்டாள். "என் பையன்ப்பா. நேத்து பஸ் ஸ்டாப்புல எவனோ ஒரு நாசமாப் போறவன் விலாவுல குத்திட்டான். இப்ப பொழைச்சுட்டான். உனக்கும் சரியாயிடும், கவலப்படாத."

அவன் அம்மாவைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான். கட்டுப் போட்ட கையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டு, தோள் குலுங்க அழுதான். அழுதுகொண்டே வாசலைத் தாண்டிப் போனான். ஏட்டய்யா இருந்த பக்கம் போகாமல் மறுபக்கம் திரும்பி நடந்தான்.

"ஏன்டி இப்படி அழறான்? ரொம்ப வலியா?" அம்மா வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். "பாவம். யாருடி அந்தப் பையன்?"

"தெரியாதும்மா" என்றேன். "நான் கேக்கல."